துறவி நண்டுத் தொட்டியில் சிற்றுண்ணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சி கடற்கரைக் கடைகளில் கோடை விடுமுறையில் பிள்ளைகள் கேட்டு அடம்பிடித்து வாங்கி வரும் துறவி நண்டு, அதாவது காலிச் சங்குக்குள் வாழும் ஹெர்மிட் கிராப், பெரும்பாலும் கரீபியக் கரைகளில் பிடிக்கப்பட்டது. இடது கொடுக்கு பெரிதாக, ஊதா நிறத்தில் இருக்கும். அறிவியல் பெயர் கோயனோபிட்டா கிளைப்பியாட்டஸ். கடைக்காரர் கொடுக்கும் சின்னக் கூண்டிலிருந்து ஒரு நல்ல கண்ணாடித் தொட்டிக்கு அதை மாற்றிய சில வாரங்களில் பலருக்கும் வரும் முதல் பயம், சுவரில் ஊரும் வெள்ளைப் பொடி. மைட்ஸ், அதாவது சிற்றுண்ணி. நண்டு வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து இதைப் பற்றி வரும் கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கோயனோபிட்டா இனத்தைச் சேர்ந்த மற்ற நிலவாழ் துறவி நண்டுகளுக்கும் இவை பொருந்தும்.

தொட்டிச் சுவரில் வெள்ளையாக, பொடிப்பொடியாக ஏதோ ஊர்கிறது. நண்டு செத்துவிடுமா?

அதனால் மட்டும் சாகாது. துறவி நண்டுத் தொட்டியில் தென்படும் சிற்றுண்ணிகளில் பெரும்பாலானவை நண்டைத் தொடுவதே இல்லை. பூஞ்சை, மிச்ச உணவு, மட்கும் இலை, நண்டின் கழிவு இவைதான் அவற்றின் சாப்பாடு. வெதுவெதுப்பும் ஈரமும் உணவும் ஒன்றாக இருக்கும் எந்த இடத்திலும் அவை வரும். நண்டுக்குப் பிடித்த சூழல் அவற்றுக்கும் பிடித்த சூழல்தான்.

இதை முதலிலேயே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சிற்றுண்ணியால் இறக்கும் நண்டுகளைவிட, சிற்றுண்ணியைப் பார்த்துப் பதறிப் போய் வீட்டில் செய்யும் வைத்தியத்தால் இறக்கும் நண்டுகள்தான் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். மருந்து தெளிப்பது, மணலுக்குள் தூங்கும் நண்டைத் தோண்டி எடுப்பது, ஈரத்தை வற்ற வைப்பது, இந்த மூன்றும் தவிர்க்க வேண்டியவை. ஓர் இரவு பொறுத்துப் பார்ப்பதால் கெடுவது எதுவும் இல்லை. அந்த நேரத்தில் அது என்ன பூச்சி என்று கண்டுபிடியுங்கள்.

அது சிற்றுண்ணியா வேறு பூச்சியா, எப்படித் தெரிந்துகொள்வது?

பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் கைபேசியின் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் ஓரளவு தெரியும். ஊர்வதை ஈரத் தூரிகையால் தொட்டு எடுத்துக் கறுப்புக் காகிதத்தில் வையுங்கள்.

உருண்டையாக, மெதுவாக நகர்ந்தால், எட்டுக் கால் இருந்தால் சிற்றுண்ணி. பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். தூசு தானாக நகர்வதுபோல்தான் கண்ணுக்குத் தெரியும். முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு ஆறு கால்தான், ஆகையால் கால் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம்.

நீளமாக, முன்னால் இரண்டு உணர்கொம்போடு இருந்து, தொட்டதும் துள்ளிக் குதித்தால் அது ஸ்பிரிங்டெயில். அது வந்திருந்தால் சந்தோஷப்படுங்கள். பூஞ்சையைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் அதை, வளர்ப்பவர்கள் காசு கொடுத்து வாங்கி விடுகிறார்கள். பயந்துபோய் அனுப்பப்படும் படங்களில் பாதிக்கு மேல் இந்த ஸ்பிரிங்டெயில்தான்.

மேலே பறக்கும் சின்னக் கறுப்பு ஈ என்றால் அது பூஞ்சைக் கொசு. மணல் மிதமிஞ்சி நனைந்திருக்கிறது என்று அர்த்தம்.

தொட்டி எப்போதும் மூடித்தான் இருக்கிறது. எங்கிருந்து வந்தன?

நாம்தான் கொண்டு வந்தோம். பாசி, மரத்துண்டு, ஓக் இலை, நார்க்கழிவு, உலர்ந்த உணவு எல்லாவற்றிலும் முட்டையோ குஞ்சோ இருக்கலாம். மணலோடு கலக்கும் தென்னை நார்க்கழிவுக் கட்டிகளில் பல பொள்ளாச்சியிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருபவை. அழுத்தி உலர்த்திய கட்டியில் சிற்றுண்ணி உயிரோடு இருப்பது அரிது. பையைப் பிரித்து, நனைத்து, வாரக்கணக்கில் கார் கொட்டகையில் வைத்திருந்தால் அது வேறு கதை.

நான் முதலில் சந்தேகப்படுவது உணவு டப்பாவைத்தான். ஓட்ஸ், கோதுமைத் தவிடு, உலர்ந்த காளான், கருவாட்டுத் தூள், நாய்க்குப் போடும் உலர் தீனி இவற்றில் டைரோஃபேகஸ் என்ற சிற்றுண்ணி சாதாரணமாக வாழும். ரவையைப் பூச்சி பிடிக்காமல் இருக்க நம் வீடுகளில் குளிர்பெட்டியில் வைப்பது வழக்கம்தானே. நண்டின் உலர் உணவுக்கும் அதையே செய்யுங்கள். வாங்கியதும் உறைபெட்டியில் ஒரு வாரம், அதற்கப்புறம் இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில்.

சில வகைச் சிற்றுண்ணிகளுக்கு விசித்திரமான ஒரு பருவம் உண்டு. உணவு குறைந்து சூழல் கெட்டால் அவற்றின் இளசுகள் வாயே இல்லாத ஓர் உருவத்துக்கு மாறிவிடும். அடிவயிற்றில் உறிஞ்சிகள் முளைக்கும். ஈ, வண்டு, நண்டு எது கிடைக்கிறதோ அதன்மேல் ஒட்டிக்கொண்டு வேறிடத்துக்குப் பயணம் போகும். வாய் இல்லாததால் சுமந்து செல்லும் உயிரைக் கடிக்க அவற்றால் முடியாது. நண்டின் மேலோட்டில் அசையாமல் ஒட்டியிருக்கும் பழுப்புப் புள்ளிகள் பல நேரம் இவைதான்.

நண்டின் உடம்பின் மேலேயே ஊர்கின்றன. அப்படியானால் இரத்தம் உறிஞ்சுகின்றனவா?

நண்டின்மேல் ஒன்றிரண்டு நடப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சாப்பாட்டுத் தட்டில் ஏறிய நண்டின் காலில் தட்டிலிருந்த சிற்றுண்ணியும் ஏறும்.

நண்டின் உடம்பையே வீடாகக் கொண்ட சிற்றுண்ணிகளும் இயற்கையில் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். துறவி நண்டின் செவுளில் வாழும் எவிஞ்சியா என்ற வகையை பியர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1929-இலேயே விவரித்துப் பெயர் வைத்தார். நம் வீட்டு நண்டுகள் அநேகமாக எல்லாமே இயற்கைச் சூழலிலிருந்து பிடிக்கப்பட்டவை. துறவி நண்டின் குஞ்சுகள் கடல்நீரில் மிதந்து வளர வேண்டியிருப்பதால் தொட்டியில் இனப்பெருக்கம் செய்வது மிகக் கடினம். ஆகவே இயற்கையான ஒட்டுயிர்கள் சிலவும் கூடவே வருவதில் வியப்பில்லை. செவுளுக்குள் இருப்பது வெளியே கண்ணுக்குத் தெரியாது. தொட்டிச் சுவரில் கூட்டமாக ஊர்வது அந்த வகை அல்ல.

கவலைப்பட வேண்டிய நிலை இப்படி இருக்கும். கால் மூட்டுகளிலும் கண்தண்டின் அடியிலும் சங்கின் வாய் ஓரத்திலும் கொத்துக் கொத்தாக அடைந்திருக்கும். நண்டு சங்கிலிருந்து வெளியே நீளும்போது மென்மையான வயிற்றிலும் தெரியும். நண்டு ஓயாமல் தன்னைத் தேய்த்துக்கொள்ளும், அல்லது நாள் முழுக்கச் சோர்ந்து கிடக்கும். இது தெரிந்தால் கழுவிவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஏற்கெனவே பலவீனமான நண்டின்மேல்தான் சிற்றுண்ணி அப்படி அடையும். ஆரோக்கியமான நண்டு கால்களாலும் கொடுக்காலும் தன்னைத் துடைத்துக்கொண்டே இருக்கும். சிற்றுண்ணியை நீக்கியதோடு நிறுத்தாமல், அது ஏன் துடைக்க முடியாமல் போனது என்று தேடுங்கள். காற்று வறண்டதா? கடல்நீர்க் கிண்ணம் காலியா? தோலுரிக்கப் போகிறதா?

நண்டை எப்படிக் கழுவுவது? சோப்பு போடலாமா?

சோப்பு, ஷாம்பு, டெட்டால் எதுவும் வேண்டாம். இரண்டு கிண்ணம் தண்ணீர் போதும். ஒன்றில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் கடல்நீர். இரண்டுமே குளோரின் நீக்கியதாகவும் தொட்டியின் வெப்பத்திலும் இருக்க வேண்டும். கடல்நீருக்குச் சமையல் உப்பு கூடாது. மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் கடல் உப்பு, லிட்டருக்குச் சுமார் 35 கிராம்.

குளோரின் பற்றி ஒரு குறிப்பு. ஊரில் செய்வதுபோல் வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்காவில் பல நகரங்கள் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைன் கலக்கின்றன. அது வைத்தால் போகாது. மீன் கடையில் விற்கும் நீர்ச்சீராக்கித் திரவத்தில் சில துளி போட வேண்டும்.

நண்டைச் சங்கோடு எடுத்து, சங்கின் வாய் மேலே பார்க்கும்படி கடல்நீரில் மெல்ல அமிழ்த்துங்கள். காற்றுக் குமிழ் வரும். ஒரு நிமிடம் விட்டு, கவிழ்த்து வடியவிடுங்கள். அப்புறம் நல்ல தண்ணீரில் அதேபோல். மீண்டும் ஒருமுறை கடல்நீர். அவ்வளவுதான். நிலவாழ் நண்டின் செவுள் ஈரக் காற்றைச் சுவாசிக்கப் பழகியது. நீரிலேயே நீண்ட நேரம் வைத்தால் மூச்சுத் திணறிச் செத்துப்போகும்.

கழுவியதும் சுத்தமான சின்னப் பெட்டியில் ஈரமான வெள்ளைக் காகிதத் துண்டு விரித்து, மூடி வைத்து, அதில் விடுங்கள். உள்ளே சூடும் ஈரமும் தொட்டியில் இருந்த அளவே இருக்க வேண்டும். வெள்ளைக் காகிதத்தில் விழும் சிற்றுண்ணி உடனே கண்ணில் படும். அதே பெட்டியில் கொதிக்க வைத்து ஆறவைத்த வேறு சங்குகள் மூன்று நான்கு வையுங்கள். இந்த வகை நண்டுக்கு வட்ட வாய் உள்ள டர்போ சங்குதான் பிடிக்கும். பழைய சங்கின் சுருளுக்குள் எவ்வளவு கழுவினாலும் போகாத சிற்றுண்ணியை, நண்டே சங்கு மாறி விட்டுவிட்டு வரும். விட்ட சங்கை ஐந்து நிமிடம் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தால் போதும். சங்கிலிருந்து நண்டை ஒருபோதும் இழுக்காதீர்கள். பிய்ந்து போகும்வரை பிடித்துக்கொண்டிருக்குமே தவிர விடாது.

ஒரு நண்டு மணலுக்குள் போய் ஆறு வாரம் ஆகிறது. மேலே சிற்றுண்ணி நிறைய. தோண்டிப் பார்க்கட்டுமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

நண்டு வளர வேண்டுமானால் பழைய மேலோட்டைக் கழற்ற வேண்டும். அதற்குத்தான் மணலுக்குள் குகை தோண்டிப் போகிறது. கழற்றியதும் உடம்பு முழுக்க மெத்தென்று இருக்கும், நடக்கவோ தற்காத்துக்கொள்ளவோ முடியாது. கழற்றிய ஓட்டையே தின்று அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தை மீட்டுக்கொண்டு புது ஓட்டைக் கெட்டிப்படுத்தும். சின்ன நண்டுக்கு நான்கு முதல் எட்டு வாரம் ஆகும், பெரிய நண்டுக்குப் பல மாதம் ஆகலாம். ஆறு வாரம் என்பது கவலைப்படும் காலம் அல்ல. நடுவில் தோண்டினால் குகை இடிந்து விழும், மெல்லிய உடம்பு கிழியும், கழற்றிய ஓடு மண்ணில் கலந்து போகும். பிழைப்பது அரிது.

மேலே நடமாடும் சிற்றுண்ணிகள் குகைக்குள் இறங்கி உயிருள்ள நண்டைத் தின்றுவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. உணவைத் தேடும் சிற்றுண்ணிகள் மேல் அடுக்கில், உணவுக்கும் பூஞ்சைக்கும் அருகில்தான் மொய்க்கும். கழற்றிய ஓட்டில் சில சேரலாம். இறந்த நண்டைச் சிற்றுண்ணி மொய்ப்பதைப் பார்த்துவிட்டு, சிற்றுண்ணிதான் கொன்றது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிணத்தைத் தேடி அவை வந்தன என்பதே பெரும்பாலும் உண்மை.

அடியில் ஒரு நண்டு இருக்கும்போது செய்யக்கூடியவை இவ்வளவுதான்: சாப்பாட்டுத் தட்டையும் தண்ணீர்க் கிண்ணங்களையும் வெளியே எடுத்துக் கொதிநீரில் கழுவுவது. பூஞ்சை பிடித்த இலையையும் மரத்தையும் எடுத்துவிடுவது. கண்ணாடியின் உட்புறத்தை ஈரத் துணியால் தினமும் துடைப்பது. மணலில் மேலாக இரண்டு சென்டிமீட்டரைக் கரண்டியால் வழித்து எடுத்துப் புது மணல் தூவுவது, அதுவும் நண்டு இறங்கிய இடத்தைத் தொடாமல். இரவில் ஒரு வெள்ளரித் துண்டைத் தட்டில் வைத்து, காலையில் அடியில் கூடியிருக்கும் சிற்றுண்ணிகளோடு எடுத்துப் பையில் கட்டி எறிவது. இந்த வெள்ளரி வித்தையை ஒரு வாரம் தொடர்ந்து செய்தால் எண்ணிக்கை நன்றாகக் குறையும்.

நாற்றம் வந்தால்? இலேசான மீன் வாடை தோலுரிப்பின்போதும் வரலாம். அழுகிய பிண நாற்றம் அறை முழுக்கப் பரவி, நாளுக்கு நாள் ஏறினால் மட்டும் அந்த ஓர் இடத்தை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள்.

வேப்பெண்ணெய், மஞ்சள் தண்ணீர், கற்பூரம், இவை இயற்கை மருந்துதானே? போடலாமா?

நம் வீடுகளிலிருந்து அதிகம் வரும் கேள்வி இது. கேட்பவர்கள் அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் போடக் கூடாது.

வேம்பில் உள்ள அசாடிராக்டின் செடிப் பூச்சிகளைக் கொல்லும் விதத்தைப் பாருங்கள். தோலுரிப்பை நடத்தும் இயக்குநீரை (ஹார்மோனை) குழப்பி, பூச்சி அடுத்த பருவத்துக்குப் போக முடியாமல் செய்கிறது. நண்டும் அதே குடும்பத்து இயக்குநீரால்தான் தோலுரிக்கிறது. போதாததற்கு எண்ணெய்ப் படலம் செவுளில் படிந்தால் காற்று உள்ளே போகாது. வேம்பு மரத்துக்கும் நமக்கும் நல்லது என்பதால் நண்டுக்கும் நல்லதாகிவிடாது.

கற்பூரம், அந்துருண்டை, சாம்பிராணிப் புகை எதையும் தொட்டி இருக்கும் அறையில் வைக்காதீர்கள். கொசுவர்த்தி, மின்கொசு விரட்டித் திரவம் இரண்டிலும் உள்ள பைரெத்ராய்டு மருந்துகள் நண்டு, இறால் வகைகளுக்குக் கடும் விஷம். நாய்க்கு உண்ணி மருந்து தடவிய கையால் நண்டைத் தொடுவதும் அப்படித்தான். பெர்மெத்ரின், ஃபிப்ரோனில், ஐவர்மெக்டின் மூன்றுமே கணுக்காலிகளை, அதாவது பூச்சி, சிலந்தி, இறால் போன்ற மூட்டுக் கால் உயிர்களை, கொல்லக்கூடியவை. நண்டும் கணுக்காலிதான். சிற்றுண்ணியைக் கொன்று நண்டை விட்டுவிடும் தெளிப்பு மருந்து என்று ஒன்று இல்லை.

கடையில் "துறவி நண்டு மைட் ஸ்பிரே" என்றே எழுதி விற்கிறார்களே?

மேலே உள்ள பதில்தான். புட்டியில் நண்டுப் படம் போட்டிருப்பதால் அது பாதுகாப்பானது என்று ஆகாது. அந்தக் காசுக்கு நல்ல ஈரப்பதமானி வாங்குங்கள்.

டயாட்டம் மண் (நுண்பாசி ஓடுகளின் தூள்) தூவினால் சிற்றுண்ணி காய்ந்து செத்துவிடும் என்கிறார்கள்.

காய்ந்த தூளாக இருக்கும்போதுதான் அது வேலை செய்யும். பூச்சியின் மேலிருக்கும் மெழுகுப் பூச்சைச் சுரண்டி உடம்பை வற்ற வைக்கும். ஈரத் தொட்டியில் பலன் மிகக் குறைவு. அந்த மெல்லிய தூள் பறந்து செவுளில் சேர்ந்தால் நண்டுக்குத்தான் கேடு.

தொட்டியின் ஈரப்பதத்தைக் குறைத்தால் சிற்றுண்ணி போய்விடாதா?

போகும். ஆனால் நண்டு அதற்கு முன்னால் போய்விடும். சேமிப்பு உணவில் வாழும் சிற்றுண்ணிகள் காற்றின் ஈரம் சுமார் 60 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி நெடுநாள் இருந்தால்தான் அழியும். நண்டின் செவுளுக்கு 75 முதல் 85 விழுக்காடு தேவை. 70-க்குக் கீழே போனாலே மூச்சு விடச் சிரமப்படும். நியூ ஜெர்சிக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் ஓடும்போது அறையின் ஈரம் 30, 40 என்று இறங்கிவிடுவதால் தொட்டி மூடி இறுக்கமாக இருப்பது மிகவும் அவசியம்.

அதே நேரம் 90-க்கு மேலே ஏறி, கண்ணாடியில் ஓயாமல் நீர் வடிந்து, அடியில் தண்ணீர் தேங்கினால் அதுவும் தவறு. தேங்கிய நீர் கெட்டு, பூஞ்சை பெருகி, சிற்றுண்ணிக்கு விருந்தாகும். மணல் எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும் என்று கேட்டால், புட்டுக்கு மாவு பிசிறும் பதம். பிடித்தால் நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது.

ஈரப்பதமானி சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு மூடியில் உப்பைப் போட்டுச் சில துளி நீர் விட்டுச் சேறாக்கி, மானியோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு நாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் உங்கள் மானி ஏழு குறைவாகக் காட்டுகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் ஈரம் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

யாரும் மணலுக்குள் இல்லை. தொட்டியை முழுக்கச் சுத்தம் செய்ய விரும்புகிறேன்.

எல்லா நண்டும் மேலே இருக்கின்றன என்று ஒவ்வொன்றாக எண்ணி உறுதி செய்தபின் தொடங்குங்கள். அவற்றைக் கழுவி, மேலே சொன்ன பெட்டிக்கு மாற்றுங்கள். பழைய மணலைப் பையில் இறுகக் கட்டி எறிந்துவிடுங்கள். அதைச் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தும் முறைகள் உண்டு, எனக்கு அவற்றில் நம்பிக்கை குறைவு. மணல் விலை மலிவுதான். கண்ணாடியைக் கொதிநீர் அல்ல, கைபொறுக்கும் வெந்நீரால் கழுவி, வெள்ளை வினிகரால் துடைத்து, மூலையிலுள்ள சிலிக்கோன் ஓரங்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, மறுபடி நீர் விட்டுக் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். சங்கு, கிண்ணம், மரம் எல்லாம் கொதிநீருக்கு. பிளாஸ்டிக் செடி, வலை, கயிறு போன்றவற்றை உறைபெட்டியில் சில நாள் வைக்கலாம்.

புதுப் படுகைக்கு விளையாட்டு மணல் (பிள்ளைகள் விளையாட விற்கும் சுத்தமான மணல்) ஐந்து பங்கு, நனைத்த நார்க்கழிவு ஒரு பங்கு. ஆழம் குறைந்தது 15 சென்டிமீட்டர், பெரிய நண்டு இருந்தால் அதன் உயரத்தைப் போல மூன்று மடங்கு.

ஆனால் ஊர்வது நாலைந்துதான் என்றால் இவ்வளவும் தேவையில்லை. முழுச் சுத்தம் நண்டுகளுக்குப் பெரிய அதிர்ச்சி. கூட்டம் கூட்டமாக நண்டின் உடம்பிலேயே அடையும்போது மட்டும் செய்யுங்கள்.

சிற்றுண்ணியைத் தின்னும் சிற்றுண்ணி விற்கிறார்களாமே?

ஆமாம், மருந்து வகையில் நான் பரிந்துரைப்பது இது ஒன்றைத்தான். ஸ்ட்ராட்டியோலேலப்ஸ் சிமிட்டஸ் என்று பெயர். பழைய விற்பனைச் சீட்டுகளில் ஹைப்போஆஸ்பிஸ் மைல்ஸ் என்று இருக்கும். பசுமைக்குடில் விவசாயிகள் பூஞ்சைக் கொசுப் புழுவைக் கட்டுப்படுத்தவும், பாம்பு வளர்ப்பவர்கள் பாம்புச் சிற்றுண்ணிக்கு எதிராகவும் பயன்படுத்துவது. வெளிர்பழுப்பு நிறம், வேகமான ஓட்டம். மண்ணின் மேல் அடுக்கில் திரிந்து மற்றச் சிற்றுண்ணிகளையும் அவற்றின் முட்டைகளையும் தின்னும். நண்டைத் தொடாது. இரை தீர்ந்தால் தானாகவே குறைந்து மறையும்.

அடியில் நண்டு தோலுரிக்கும்போது மணலைக் கலைக்காமல் செய்யக்கூடிய சிகிச்சை என்பதால்தான் இதன்மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு. ஒரு குறை உண்டு. ஸ்பிரிங்டெயிலையும் கொஞ்சம் தின்றுவிடும். பிறகு புதிதாக விட்டுக்கொள்ளலாம். வாங்கிய புட்டியை உடனே பயன்படுத்துங்கள், உறைபெட்டியில் வைக்காதீர்கள். அப்புறம், தொட்டியில் வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே வேகமாக ஓடும் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்தால் அவற்றைத் துடைத்தெடுக்க வேண்டாம். வேட்டையாடும் வகை எங்கிருந்தோ தானாக வந்திருக்கலாம்.

சன்னலோரம் சிவப்பாக ஊர்கின்றன. அவையும் நண்டுக்கு ஆபத்தா?

வசந்த காலத்தில் புல்வெளியிலிருந்து சன்னல் வழியாக வீட்டுக்குள் வரும் குளோவர் சிற்றுண்ணியாக இருக்கலாம். புல்லின் சாறுதான் அவற்றின் உணவு. நசுக்கினால் துணியில் சிவப்புக் கறை படும், ஆகவே ஈரத்துணியில் ஒற்றி எடுங்கள். சன்னலுக்கு வெளியே மருந்து தெளிக்க ஆள் வந்தால் தொட்டியை அந்த அறையிலிருந்து முதலில் மாற்றிவிடுங்கள்.

பிள்ளைகள் நண்டோடு விளையாடுகிறார்கள். அவர்களுக்கோ நாய்க்கோ தொற்றுமா?

தொட்டிச் சிற்றுண்ணி மனிதர் உடம்பில் குடியேறாது, நாயின் காதிலும் தோலிலும் வரும் சிற்றுண்ணிகள் முற்றிலும் வேறு வகை. ஒவ்வாமை மட்டும் வரலாம். சேமிப்பு உணவுச் சிற்றுண்ணிகளின் கழிவும் உதிர்ந்த தோலும் சிலருக்குத் தும்மல், தோல் அரிப்பு, ஆஸ்துமா தூண்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் தொட்டியைக் காலி செய்யும் வேலையை வேறொருவர் முகக்கவசத்தோடு செய்யட்டும். நண்டைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவுவது எப்போதுமே அவசியம், அது சிற்றுண்ணிக்காக அல்ல, சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்காக.

சமையலறைக்குப் பரவுமா என்றும் கேட்கிறார்கள். மூடிய டப்பாக்களுக்குள் போகாது. வறண்ட அறைக் காற்றில் அவை நெடுநேரம் தாங்குவதும் இல்லை.

மறுபடி வராமல் இருக்க என்ன சாப்பாடு கொடுப்பது?

என்ன என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. பழம், காய், மீன், முட்டை போன்ற ஈரமான உணவை மாலையில் வைத்து மறுநாள் மாலைக்குள் எடுத்துவிடுங்கள். துறவி நண்டு இரவில் சாப்பிடும், நகத்தளவு போதும். நண்டுகள் உணவைத் தூக்கிப் போய் மணலில் புதைக்கும் பழக்கம் உள்ளவை. ஆகையால் வாரம் ஒருமுறை தட்டைச் சுற்றிலும் மேல் மணலைக் கிளறிப் பாருங்கள், தட்டுக்கு அடியில் ஒரு தட்டையான கல் வைத்தால் இன்னும் நல்லது. ஸ்பிரிங்டெயில்களை நிலையாக வளரவிட்டால் பூஞ்சைக்காக அவை சிற்றுண்ணியோடு போட்டியிடும்.

புதிதாக இன்னொரு நண்டு வாங்கப் போகிறோம். தனியே வைக்க வேண்டுமா?

மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில் வைப்பது நல்லது. அந்தத் தொட்டியிலும் ஆழமான மணல் வேண்டும். கடையில் வறண்டு கிடந்த நண்டு பல நேரம் வந்த உடனே மணலுக்குள் போய்விடும், அப்படிப் போனால் மேலே வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சாயம் பூசிய சங்கில் இருந்தால் நல்ல சங்குகளைப் பக்கத்தில் வைத்து அதுவே மாறும்படி விடுங்கள்.

வாங்கத்தான் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். நல்ல கவனிப்பில் முப்பது ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய உயிர் இது. வளர்க்க முடியாமல் வேறு வீடு தேடுபவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து ஒன்றை எடுத்தால் கரீபியக் கரையில் ஒரு நண்டாவது பிடிபடாமல் இருக்கும்.

கால் உதிர்கிறது, சங்கை விட்டு வெளியே வந்து கிடக்கிறது. சிற்றுண்ணிதானே காரணம்?

பெரும்பாலும் இல்லை. வெப்பம் தாழ்வது, காற்று வறள்வது, குளோரின் நீர், வண்டியில் வந்த களைப்பு, மற்ற நண்டோடு சண்டை இவைதான் முதலில் பார்க்க வேண்டியவை. வெப்பம் 24 முதல் 29 பாகை செல்சியசுக்குள் இருக்கட்டும். உதிர்ந்த கால் அடுத்தடுத்த தோலுரிப்பில் மெல்ல முளைக்கும்.

சங்கை விட்டு வந்த நண்டை அதன் சங்கோடு சேர்த்து ஒரு சிறு கிண்ணத்தில் வையுங்கள். கால் சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கடல்நீர் விட்டு, இருட்டாக, சூடும் ஈரமும் குறையாமல் மூடி வைத்தால் பல நண்டுகள் தாமாகவே உள்ளே போய்விடும். இரண்டு மூன்று நாளாகியும் போகாவிட்டால், அயல் விலங்குகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர்களை அழைத்து, முதுகெலும்பற்ற உயிர்களையும் பார்ப்பார்களா என்று கேளுங்கள். போகும்போது நண்டோடு தொட்டியின் படத்தையும், சிற்றுண்ணி ஒட்டிய ஒரு துண்டு ஒட்டுநாடாவையும், ஒரு வார வெப்ப, ஈரக் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள்.